கடல் கடந்த கைக்குட்டை

எளாவூரிலிருந்தும் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் வந்திருக்கும் பெருமக்களே!

மடியிற் செருகிய சிறுதுணியை எடுத்து வியர்வை துடைப்போர் இங்கே பலர். அதன் பெயரைக் கேட்டால் 'கர்ச்சீப்' என்பர். ஆங்கிலேயர் அச்சொல்லைப் பழம் பிரெஞ்சிலிருந்து எடுத்தனர். அங்கே அதற்குத் 'தலைமூடி' என்று பொருள். அதன்முன் 'கை'யைச் சேர்த்துக் 'கைத்தலைமூடி' ஆக்கினர்! நம் கைக்குட்டையில் இக்குழப்பம் இல்லை. குட்டி, குட்டன், குட்டை யாவும் சிறுமை குறித்த ஒரே வேரின் கிளைகள். கைக்கு அளவான சிறுதுணி கைக்குட்டை. தலையிற் கட்டும் 'உருமால்' தமிழே என்று வழக்காடுவாரும் உளர். அது பாரசீகச் சொல். முகம் துடைப்பது என்பது பொருள். பிறர் பொருளை நமதென்பது தமிழ்த் தொண்டாகாது.

ஆனால், நமதாகிய ஒன்று உண்டு. இவ்வூருக்குத் தென்கிழக்கே பழவேற்காடு. பழைய வேலங்காடு என்பது அதன் பொருள். போர்த்துக்கீசியர் நாவில் ழகரம் ஏறவில்லை, 'பலியகாத்தே' என்றனர். ஆங்கிலேயர் 'புலிகாட்' என்றனர். புலிக்கும் அவ்வூருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை!

ஒல்லாந்தர் 1613இல் அங்குக் கெல்திரியாக் கோட்டையை எழுப்பியது மீனுக்காகவன்று, துணிக்காக. இப்பக்கத்துத் தறிகளில் நெய்த பருத்தித் துணிகள் கிழக்குத் தீவுகளுக்குச் சென்று நறுமணப் பண்டங்களாகத் திரும்பின. கட்டமிட்ட வண்ணக் குட்டைகளோடு ஊர்ப்பெயரும் கடல் கடந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாசுகோ நெசவாளர் அவற்றைப் பார்த்து நெய்த தம் குட்டைகளுக்கும் 'புல்லிகேட்' என்றே பெயரிட்டனர்.

இன்னும் தொலைவில் மெக்சிகோ. அந்நாட்டார் கழுத்திலும் தலையிலும் கட்டும் வண்ணக் குட்டைக்கு இன்றும் பெயர் 'பலியகாத்தே'! விடுதலைப் போர்த் தலைவர் மொரேலோசு (1765–1815) அதைத் தலையிற் கட்டிய கோலத்திலேயே 50 பெசோ பணத்தாளிலும் இடம்பெற்றார். அங்குள்ளோர் சிலர் அச்சொல்லைத் தம் பழங்குடி மொழியில் மூக்கைக் குறிக்கும் சொல்லோடு பொருத்துவர். இசுபானிய அரசக் கழக அகரமுதலியோ நம் ஊர்ப்பெயரையே காட்டுகிறது. அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. நாள்தோறும் தலையிற் கட்டும் பொருளின் பெயரைத் தமதென்று எண்ணுவது இயல்பே.

ஏரிக்கரைப் பிள்ளை ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். துணியைக் 'கர்ச்சீப்' என்பான். ஊரைப் 'புலிகாட்' என்பான். பள்ளியில் அவனுக்கு வேறு சொல்வாரில்லை. நாளைக் காலை கடைக்குச் செல்வோர் கைக்குட்டை என்றே கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் விழித்தால் மெக்சிகோச் செய்தியைச் சொல்லுங்கள்.