மூக்கு முந்திச் சொல்லும்

காரில் கோளாறு என்றால் டாஷ்போர்டு விளக்குதான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் பல கோளாறுகளை மூக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடும். பாகு காய்ச்சுவது போல இனிப்பு வாடை வந்தால், பெரும்பாலும் கூலன்ட் கசிகிறது. வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிவதோ இன்ஜின் அளவு மீறிச் சூடான பிறகுதான். மேடு ஏறும்போது கருகல் நெடி அடித்தால் கிளட்ச் தகடு தேய்வதாக இருக்கலாம். பல கார்களில் அதற்கென்று விளக்கே கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் என்றால், புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சோதிக்க வேண்டும். பெட்ரோல் வாடை என்றால் யோசிக்கவே கூடாது. வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

முன்னால் போகும் லாரியிலிருந்தும் வாடை வரலாமே என்று கேட்கலாம். நியாயம்தான். இடம் மாறிய பிறகும் தொடர்ந்தால் அது நம் வண்டியுடையது. மூக்கு பழகிவிடுமே என்பதும் உண்மை. சில நிமிடங்களில் எந்த வாடையும் மங்கிவிடும். அதனால்தான் கதவைத் திறக்கும் முதல் நொடி முக்கியம். வாசனைப் புட்டி மாட்டி வாடையை மறைப்பது, காவல்காரன் வாயைக் கட்டுவது போல. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: உயிர் குடிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை. வாடை எச்சரிக்கைதான், வாடை இல்லாமை உத்தரவாதம் அல்ல.