தாத்தா ரம்பத்துக்கு உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்?



பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. பழைய மோட்டார் சைக்கிளைத் துடைத்து மெருகேற்றி ஊர்வலம் போகிறவர்களுக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கோணிச் சாக்கு போர்த்திக் கிடக்கும் சங்கிலி ரம்பத்தை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. செயின்சா என்று எல்லாரும் சொல்கிறோமே, அந்த ரம்பத்தைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

பாரிட் புந்தாரை நெல் விளையும் ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். புக்கிட் மேரா அணைத் தண்ணீர் 1906ஆம் ஆண்டில் கிரியான் வயல்களுக்கு வந்த பிறகு, கண்ணுக்கு எட்டியவரை பச்சைதான். அந்த ஊரில் மரம் வெட்டும் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வயலைத் தாண்டிப் பார்த்தால் விடை தெரியும். இந்த வட்டாரத்துக்குத் தமிழர்கள் வந்தது முதலில் கரும்புத் தோட்டங்களுக்கு. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பரின் பெரும்பகுதி போய்ச் செம்பனை வந்தது. தெற்கே மாத்தாங் சதுப்பு நிலக் காடு, சுமார் 40,000 ஹெக்டேர். அங்கே பாக்காவ் மரத்தை 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டிக் கரி சுடும் வேலை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. இடையில் கம்பத்து டுரியான் தோப்புகள் வேறு. மரம் இருக்கும் இடத்தில் ரம்பம் இருக்கும். ரம்பம் இருக்கும் இடத்தில் அதைப் பழுது பார்க்கும் பட்டறையும் இருந்தாக வேண்டும்.

ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் பால் கொடுக்கும். அதன் பிறகு வெட்டிவிட்டு மறுநடவு செய்ய வேண்டும். மறுநடவுக்கென்று 1952ஆம் ஆண்டில் நிதி ஏற்படுத்தப்பட்டது. சிறுதோட்டக்காரர்களுக்காக 1973ஆம் ஆண்டில் ரிஸ்டா வந்தது. அந்தக் காலத்தில் கிழட்டு மரங்களுக்கு ஆர்செனிக் விஷம் தடவி, நின்ற நிலையிலேயே சாகடித்த தோட்டங்களும் உண்டு. அந்த விஷத்தைக் கையாண்டவர்கள் நம்மவர்கள். மற்றபடி கோடாலியும், இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கும் நீள ரம்பமும்தான்.

செயின்சா வந்ததும் அந்த வேலை ஒரு மனிதனின் கைக்கு வந்துவிட்டது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1929ஆம் ஆண்டில் செய்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. தூக்க இரண்டு பேர் வேண்டும். 1959ஆம் ஆண்டில் அதே நிறுவனம் கொண்டுவந்த காண்ட்ரா ரம்பம் 12 கிலோதான். நடுவில் இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைத் துளைத்துச் செல்லும் ஒரு புழுவின் தாடைகளைக் கவனித்து, 1947ஆம் ஆண்டில் புதிய மாதிரிச் சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று கடையில் விற்கும் சங்கிலிப் பற்கள் எல்லாம் ஏறக்குறைய அந்தப் புழுவின் வாரிசுகள்தான்.

நம் பக்கத்தில் அதிகம் புழங்கிய பெரிய ரம்பங்களில் ஒன்று ஸ்டில் 070. பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம் 58 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 40 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 106 சிசி வரும். ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு மரம் அறுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அண்ணன் 090 இன்னும் பெரியது, 137 சிசி. எடை கொல்லும், சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் உள்ளே இருப்பது எல்லாம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய பாகங்கள். ஒரு திருப்புளியும் நாலைந்து சாவிகளும் இருந்தால் மரத்தடியிலேயே பிரித்து மாட்டலாம். இந்த ரம்பங்கள் இன்றுவரை பிழைத்துக் கிடப்பதற்கு அதுதான் காரணம்.

ஓடாமல் நின்றுபோன அப்பாவின் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அண்ணே, இந்த மாடலுக்குச் சாமான் வர்றது இல்ல. புதுசு வாங்கிக்குங்க" என்று பதில் வரும். அவரும் பாதி விலைக்குக் கூட அல்ல, பழைய இரும்பு விலைக்கு அதைப் போட்டுவிட்டு வருவார். இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ரம்பத்தின் மேல் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கும் எல்லாமே அந்த நிறுவனத்தின் பொருள் ஆகிவிடாது.

பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் எண் பொறித்திருப்பார்கள். 6202 என்று இருந்தால் உலகத்தில் எங்கே வாங்கினாலும் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, தடிமன் 11 மில்லிமீட்டர்தான். 6203 என்றால் 17, 40, 12. தண்ணீர்ப் பம்ப், மோட்டார் சைக்கிள், மாவு மில், எல்லாவற்றுக்கும் அதே பேரிங். ஆயில் சீலுக்கும் மூன்று அளவுகள்தான் கணக்கு. ரம்பத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்பார். அளவைச் சொல்லிக் கேட்டால் அதே கடைக்காரர் பெட்டியைத் திறப்பார். வேகமும் சூடும் தாங்கும் ரகமா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

கார்புரேட்டரும் பெரும்பாலும் ரம்ப நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு அல்ல. டில்லோட்சன், வால்ப்ரோ போன்ற நிறுவனங்கள் செய்து கொடுத்தவை. அதன் உடம்பிலேயே பெயரும் எண்ணும் அடித்திருக்கும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு போனால் டயாஃப்ரம், கேஸ்கெட், ஊசி எல்லாம் ஒரே உறையில் கிடைக்கும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த ரம்பம் ஓடாததற்கு, பத்தில் ஏழெட்டு முறை இந்த டயாஃப்ரம் காய்ந்து விறைத்துப் போனதுதான் காரணம் என்று கூடச் சொல்லிவிடலாம். அதற்குப் போய் இயந்திரத்தையே குப்பையில் போடுவதா?

பழைய ரம்பங்களில் நெருப்புப் பொறி வருவது பாயிண்ட், கண்டென்சர் மூலமாக. பாயிண்ட் இடைவெளி பொதுவாக 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர். துரு பிடித்திருந்தால் மெல்லிய தாளைக் கொண்டு தேய்த்துச் சுத்தம் செய்தாலே சில சமயம் உயிர் வந்துவிடும். பாயிண்டே கிடைக்காவிட்டால், அதற்குப் பதிலாகப் பொருத்தும் சின்ன மின்னணு மாட்யூல் இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். மூலப் பொருள்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு அது பிடிக்காது. வேலைக்கு ரம்பம் தேவைப்படுகிறவருக்கு அது போதும்.

இனி பிஸ்டன், சிலிண்டர். இங்கேதான் பணமும் போகிறது, ஏமாற்றமும் நடக்கிறது. கப்சாய் சிலிண்டரின் உள்ளே இரும்பு உறை இருப்பதால் கடைசல் போட்டுப் பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடலாம். ரம்பத்தின் சிலிண்டர் பெரும்பாலும் அலுமினியம். உள்ளே கடினமான மெல்லிய பூச்சு. கடைசல் போட்டால் பூச்சு போய்விடும், கதை முடிந்தது. ஆனால் கோடு கோடாகக் கீறிக் கிடக்கும் சிலிண்டர் எல்லாம் செத்த சிலிண்டர் அல்ல. பல சமயம் அது கீறலே அல்ல. பிஸ்டனின் அலுமினியம் உருகி மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பொறுமையாக நீக்கிப் பார்த்தால் அடியில் பூச்சு பழுதில்லாமல் இருக்கும். அப்போது பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் போதும். விரல் நகத்தை உள்ளே ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் விழுந்து தடுக்கினால்தான் கவலை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிஸ்டன் ஏன் பிடித்தது? பலரும் இதைக் கேட்பதில்லை. டூ ஸ்ட்ரோக் இயந்திரத்துக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. ஆயில் சீல் கிழிந்தால் அந்த வழியாகக் காற்று அதிகம் புகும். கலவை மெலியும், சூடு ஏறும், எண்ணெய் குறையும், பிஸ்டன் பிடிக்கும். விசையை விட்ட பிறகும் ரம்பம் வேகம் இறங்காமல் கத்திக்கொண்டே இருக்கிறதா? காற்றுக் கசிவு என்று சந்தேகப்பட வேண்டிய நேரம் அது. சில வெள்ளி சீலை மாற்றாமல், நூற்றுக்கணக்கில் செலவழித்துப் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் சில நாளில் அதே கதிதான். "டூப்ளிகேட் சாமான், அதான் போச்சு" என்று பழியைக் கடைக்காரர் மேல் போடுவதில் பயனில்லை.

டூப்ளிகேட் என்றதும் அதையும் சொல்லிவிட வேண்டும். 070 ரம்பத்துக்குச் சீனாவில் செய்த நகல் பாகங்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. முழு ரம்பமே நகலாக வருகிறது. எல்லாம் குப்பை என்று ஒதுக்குவதும் தவறு, எல்லாம் ஒன்றுதான் என்று வாங்குவதும் தவறு. கைப்பிடி, மூடி, ஏர் ஃபில்டர் உறை போன்றவற்றில் நகல் போட்டால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. கிளட்ச், சங்கிலி, பார் ஆகிய மூன்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அறுந்து பறந்தால் போவது கையோ முகமோ.

பெட்ரோல் கலவையில் பழைய கையேடு சொல்வது ஒன்றுக்கு இருபத்தைந்து. அதாவது ஒரு லிட்டருக்கு 40 மில்லிலிட்டர் டூ டி எண்ணெய். இன்றைய தரமான எண்ணெய்களில் ஐம்பதுக்கு ஒன்று என்று அச்சிட்டிருந்தாலும், தாத்தா ரம்பத்துக்குக் கொஞ்சம் புகை வந்தால் பரவாயில்லை என்று விடுவதே நல்லது. சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெயில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. லாரியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றுகிறார்கள். காசு மிச்சம்தான். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாத சங்கதிகளும் இருக்கின்றன. சங்கிலி அதை அறுப்பவரின் மேலேயே தெளிக்கிறது.

ரப்பர் மரம் அறுப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. பால் வடிந்து பற்களிலும் பாரின் பள்ளத்திலும் உறைந்துகொள்ளும். வேலை முடிந்த கையோடு சுத்தம் செய்யாவிட்டால் மறுநாள் சங்கிலி இறுகும். இது சின்ன விஷயம் அல்ல. முன்பு புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போன ரப்பர் மரம், 1980களுக்குப் பிறகு நாற்காலி மேசை செய்யும் பலகையாகிவிட்டது. வெட்டிய கட்டையைச் சில நாட்களுக்குள் அறுத்து மருந்து ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைக்கும். தோட்டத்தின் நடுவில் ரம்பம் இரண்டு நாள் படுத்தால் குத்தகைக்காரருக்குப் போவது ரம்பச் செலவு மட்டும் அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகு கசப்பான ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய பெரிய ரம்பங்கள் பலவற்றில் சங்கிலி பிரேக் கிடையாது. பாரின் நுனியின் மேல் பாதி மரத்தில் பட்டால், கண் இமைப்பதற்குள் ரம்பம் பின்னோக்கி முகத்துக்கு எகிறும். 1970களின் தொடக்கத்தில்தான் ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற நிறுவனங்கள் முன் கைக்காப்போடு சேர்ந்த பிரேக்கைக் கொண்டுவந்தன. அதிர்வைக் குறைக்கும் ரப்பர் தாங்கிகளும் பல பழைய மாடல்களில் இல்லை. நாள் முழுதும் அப்படிப்பட்ட ரம்பத்தைப் பிடித்த கை, வயதான பிறகு சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியாமல் மரத்துப் போகலாம். தோட்டப்புறத்தில் இப்படிப்பட்ட கைகளைப் பார்த்தவர்கள் அதை வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்த்தார்கள்.

ஆகவே, பழைய ரம்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதும், அதைக் கூலிக்காரப் பையன் கையில் கொடுத்து நாள் முழுதும் மரம் வெட்டச் சொல்லக் கூடாது என்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா வேலையிடங்களும் அதற்குள் வந்துவிட்டன. சம்பளத்துக்கு ஆள் வைத்து வெட்டுகிறவர் பிரேக் உள்ள ரம்பம், தலைக்கவசம், காதுக்கவசம், கால் காப்பு வாங்கிக் கொடுக்கத்தான் வேண்டும். "எங்கப்பா காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்ற கேள்விக்கு, அப்பா காலத்தில் எத்தனை பேருக்கு விரல் இருந்தது என்று எண்ணிப் பார்ப்பதுதான் பதில்.

புயலுக்குச் சாய்ந்த டுரியான் மரத்தைத் துண்டு போட, பலகை அறுக்க, திருமண வீட்டு விறகுக்கு என்று எப்போதாவது எடுக்கும் அனுபவசாலிகளுக்குப் பழைய ரம்பம் இன்னும் உழைக்கும்.

அதை உழைக்க வைக்கும் கை யாருடையது என்பதுதான் இப்போதைய சிக்கல். தோட்டப் பட்டறைகளில் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பட்டறைகளும் போயின. அவர்களுடைய அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த மாடலுக்கு எந்தப் பேரிங் எண், எந்த சீல் அளவு, எந்தக் கடையில் அரம் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் மனக்கணக்கு. தொழிற்பயிற்சி படிக்கும் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை அந்தப் பெரியவர்களிடம் போய், ஒரு பள்ளிக்கூட நோட்டில் அந்த எண்களை எல்லாம் எழுதி வாங்கலாம். ரம்பத்தைப் பிரிக்கும் ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைக்கலாம். மாட்டும்போது மிச்சமாகும் திருகாணிகளின் எண்ணிக்கை குறையும்.

ஓடாத இரண்டாவது ரம்பம் ஒன்று எங்கேயாவது மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். உடைந்த பாகங்களையும் எறிய வேண்டாம். அளவு எடுக்க உடைந்த பாகமே போதும். நீண்ட நாள் வைக்கப் போகும் ரம்பத்தில் பெட்ரோலை முழுதும் வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி டூ டி எண்ணெய் விட்டு, கயிற்றை நாலைந்து முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டி, ஈரம் படாத பலகையின் மேல் வையுங்கள். நம் மழைக்குச் சிமெண்டுத் தரை ஆகாது.