வேரை விட்டு இலையைக் கொய்தல்



பிறந்த ஊரை விட்டு வந்த நம்மில் பலருக்குத் தோட்டம் என்பது இரண்டு மண்தொட்டிகளே. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் வாடகை வீட்டு மாடியிலும் அவ்வளவுதான். ஊரிலிருந்து என் தாயார் கொண்டுவந்த சின்ன வெங்காயத்தில் ஒரு பிடியை அவற்றில் நட்டேன். சில நாட்களில் தாள் தழைத்தது. ஆவல் மிகுதியால் ஒட்ட அறுத்துப் பொரியலுக்குக் கொடுத்தேன். மீண்டும் துளிர்த்ததை மீண்டும் அறுத்தேன். இரண்டரை மாதம் சென்று தோண்டியபோது, நட்டதைவிடச் சிறுத்த வெங்காயமே கிடைத்தது. தாயார் ஒன்றும் சொல்லாமல் அதைக் கையில் வைத்துப் பார்த்திருந்தார்கள்.

பிழை யாது? வெயிலைக் கொண்டு உணவு ஆக்குவது இலை. அதைச் சேர்த்து வைக்கும் களஞ்சியமே கிழங்கு. உழைப்பவனை விரட்டிவிட்டுக் களஞ்சியம் நிறையவில்லையே என வருந்துவது நியாயமாகுமா?

இதே பாடத்தைத் தொலைதூர நாடொன்றும் கற்றிருக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில், நம் வெங்காயத்துக்கு உறவான 'ராம்ப்' என்னும் காட்டு உள்ளி உண்டு. இளவேனிலில், மரங்கள் தழைக்குமுன், இரண்டு மூன்று இலை விட்டு, நிழல் அடர்ந்ததும் அவை வாடிவிடும். அச்சில வார வெயிலே அதன் ஓராண்டு வருவாய். விதையிலிருந்து பறிக்கும் பருவம் எய்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். கிழங்கோடு பிடுங்கியதால் அது அருகிற்று. ஆகவே கனடாவின் கியூபெக் மாநிலம் 1995இல் அதன் விற்பனையைத் தடுத்தது. சொந்த உபயோகத்துக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 50 கிழங்கு என வரையறுத்தது. அறிந்தோர் செடிக்கு ஓர் இலை மட்டும் கொய்து, கிழங்கை மண்ணிலேயே விட்டுவிடுகின்றனர்.

நம் தொட்டிக்கும் அதுவே நெறி. தாளுக்கு ஒரு தொட்டி, வெங்காயத்துக்கு ஒரு தொட்டி எனப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னதில் செடிக்கு ஒன்றிரண்டு வெளித்தாளை மட்டும், அடியில் இரண்டு விரற்கடை விட்டு அறுக்கலாம். பின்னதில் கைவைத்தலாகாது. செம்மண், மணல், தொழுவுரம் கலந்து, நீர் தேங்காதவாறு துளையிட்டு, முளைநுனி மேலிருக்க நடுங்கள். ஏறக்குறைய 65 முதல் 70 நாட்களில் தாள் பழுத்துச் சாயும். சாயத் தொடங்கியதும் நீரை நிறுத்தி, ஒரு வாரம் கழித்து அகழ்ந்து, நிழலில் உலர்த்துங்கள்.

இம்முறை, ஒன்று நட்ட இடத்தில் நான்கும் ஐந்துமாகத் திரண்டிருந்தன. கன்னடம் பேசும் அண்டை வீட்டு அம்மையார் பார்த்து, "நல்ல ஈருள்ளி" என்றார். நம் அகராதியிலும் உள்ள சொல்லல்லவா அது! தாயார் ஒரு பிடியை அவருக்கும், ஒரு பிடியை அடுத்த நடவுக்கும் ஒதுக்கிய பிறகே குழம்பை அடுப்பிலேற்றினார்கள்.