மாணவிகளுக்குச் சொல்லித் தரும் சிஸ்டருக்கு யார் சொல்லித் தருவது?

ராயப்பேட்டையிலிருந்து பேசுறேன். 1911-ல தொடங்கின அரசு மருத்துவமனை இருக்கிற ஏரியா இது. காலையில பஸ் ஸ்டாப்ல நின்னீங்கன்னா, யூனிஃபார்ம் போட்ட நர்சிங் மாணவிகள் கூட்டமா இறங்குறதைப் பார்க்கலாம். இவங்க வார்டுல யார்கிட்ட கத்துக்கிறாங்க? கல்லூரியிலிருந்து வர்ற மேடம் பல வார்டுக்கு ஓடணும். எப்பவும் பக்கத்துல இருக்கிறது வார்டு சிஸ்டர்தான்.

அந்த சிஸ்டருக்கு வேலை தெரியும். ஆனா வேலை தெரியறது வேற, சொல்லித் தரத் தெரியறது வேற. பாட்ரீசியா பென்னர் 1984-ல வெளியிட்ட புத்தகத்துல, புதுசா வர்ற நர்ஸ் எப்படிப் படிப்படியா வல்லுநரா ஆகுறாங்கன்னு விளக்கினார். அனுபவசாலிக்கு நோயாளியைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லைன்னு பட்டுடும். எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டா சொல்லத் திணறுவாங்க. மாணவிக்கு வேண்டியதோ அந்த 'எப்படி'தான்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல அறிவிச்ச புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் 8 செமஸ்டர். கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப். அந்த மாதங்கள்ல மாணவிக்கு ஆசிரியர் யாரு? பெரும்பாலும் வார்டு சிஸ்டர்தான். அவங்களுக்குப் பயிற்சி வேணும். மூணு ஷிப்ட்ல வேலை செய்றவங்களை ஒரே நாள்ல ஒரு ஹால்ல உட்கார வைக்க முடியாது. அதனாலதான் ஆன்லைன். 2020-ல கொரோனா சமயத்துல திக்ஷா தளத்துல ஐகாட் பயிற்சி வந்தப்பவே போன்ல படிக்கிறது நமக்குப் பழகிடுச்சு.

நான் சில வருஷமா இப்படி ஆன்லைன் வகுப்பு எடுக்கிறேன். நைட் டியூட்டி முடிச்சு வீட்டுக்குப் போய், ஒரு பக்கம் சாதம் கொதிக்க, இன்னொரு பக்கம் வீடியோ ஓடும். கடைசியில பத்து கேள்வி, உடனே சர்டிஃபிகேட். வார்டுல எதுவும் மாறாது. வீடியோவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பார்த்ததை மறுநாள் செஞ்சு பார்க்கச் சொல்ல ஆள் இல்லைங்கிறதுதான் குறை.

அதனால என் வகுப்புல ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம்தான், அதுவும் தமிழ்ல, பத்து நிமிஷம். முதல்ல சொல்லித் தர்றது 'ஒரு நிமிட ஆசான்' முறை. 1992-ல அமெரிக்காவில் டாக்டர்களுக்காக வந்தது. அஞ்சு படி. ஒரு உதாரணம் சொல்றேன்.

காலை எட்டு மணி. அம்லோடிபின் மாத்திரை கொடுக்கணும். மாணவி பி.பி. பார்த்தா 90/60. "சிஸ்டர், கொடுக்கவா?"ன்னு கேட்கிறா. "வேணாம்"னு சொல்லிட்டா வேலை முடிஞ்சது, பாடம் நடக்கல. அதுக்குப் பதிலா, "நீ என்ன நினைக்கிறே?"ன்னு கேளுங்க. அவ ஒரு முடிவு சொல்லட்டும். அடுத்து, "ஏன்?" மூணாவது, ஒரே ஒரு பொது விதி: பி.பி. மாத்திரைக்கு முன்னாடி பி.பி. பார், குறைவா இருந்தா கொடுக்காம டாக்டர்கிட்ட கேள். நாலாவது, சரியா செஞ்சதைப் பேர் சொல்லிப் பாராட்டுங்க: "கொடுக்கிறதுக்கு முன்னாடி நின்னு கேட்டியே, அது நல்லது." அஞ்சாவது, விட்டதைச் சொல்லுங்க: "மறுபடி ஒரு தடவை பார்த்து, நேத்து அளவோட ஒப்பிட்டிருக்கலாம்."

மொத்தமே ஒண்ணு ரெண்டு நிமிஷம். நோயாளி முன்னாடி திட்டு வாங்கின மாணவி அடுத்த தடவை கேட்கமாட்டா. கேட்காம மாத்திரையைக் கொடுத்துடுவா. அந்த இடத்துலதான் உயிர் இருக்கு.

வகுப்பு முடிஞ்சதும் ஒரு வாரம், தினம் ஒரு மாணவியோட இதைச் செய்யணும். வாரக் கடைசியில எல்லாரும் போன்ல சேர்ந்து, எது நடந்துச்சு, எங்க தடுமாறுச்சுன்னு பேசுவோம். வீடியோவைவிட அந்தப் பேச்சுலதான் அதிகம் கத்துக்கிறாங்க.

இன்னொண்ணு. இங்கிலாந்துல 2018-ல புது விதிமுறை கொண்டுவந்து, மாணவியை வழிநடத்துறவரையும் மதிப்பெண் போடுறவரையும் தனித்தனி ஆளாக்கிட்டாங்க. மார்க் போடுறவங்ககிட்ட "எனக்குத் தெரியல"ன்னு சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்கும் இல்லையா? நாமும் யோசிக்க வேண்டிய விஷயம்.

நர்சிங் சூப்பரின்டெண்ட்டா இருக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா ஒரு வேண்டுகோள். சொல்லித் தர்றதையும் வேலைன்னு கணக்குல எடுங்க. மாணவியோட நிக்கிற சிஸ்டருக்கு அன்னிக்கு ரெண்டு பெட் குறைச்சுக் கொடுங்க. பயிற்சிக்கு டியூட்டி நேரத்துலயே அரை மணி ஒதுக்குங்க. இன்னிக்கு நாம கத்துக் கொடுக்கிற பொண்ணுதான், நாளைக்கு நம்ம அம்மா படுக்கையில் இருக்கும்போது பக்கத்துல நிப்பா.