பக்கத்து வீட்டுக் கண்

லயத்து வீடுகளில் வாழ்ந்த காலத்தில் நமக்குக் கேமரா ஏது? இரவில் ஒரு நாய் குரைத்தால் பத்து வீட்டுக் கதவு திறக்கும். தண்ணீர்க் குழாயருகே புதுமுகம் ஒன்று தென்பட்டால், "யாரப்பா நீ, யார் வீட்டுக்கு வந்தாய்?" என்று கேட்காமல் பாட்டிமார் விடமாட்டார்கள். பின்னர் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. நம்மில் பலர் ஆயர் தாவார், சித்தியவான் பக்கத்துத் தாமான்களில் குடியேறினோம். வீட்டுக்கு வீடு வேலி எழுந்தது. பாட்டிமார் பார்த்த வேலையை இன்று வாசலில் மாட்டிய கேமரா பார்க்கிறது. ஆனால், கண்டதை யாரிடம் சொல்வது என்பது பாட்டிக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. அதை நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து காவல் காப்பது நமக்குப் புதியதன்று. 1975ஆம் ஆண்டில் இந்நாட்டில் ருக்குன் தெத்தாங்கா தொடங்கியது. ஆண்கள் கைவிளக்கும் தடியுமாக இரவில் முறைவைத்துச் சுற்றி வந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். கேமராப் பதிவைப் போலீசாரிடம் கொடுப்பதும் அதே கடமைதான்.

அதன் பயனுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் காலையில், சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நிலையத்தில் கேமரா இல்லை. அருகிலிருந்த கட்டடங்களின் கேமராக்களில் பதிந்த உருவத்தைக் கொண்டுதான் போலீசார் தேடத் தொடங்கினர்; ஒரு வாரத்தில் ஓர் இளைஞர் கைதானார். விசாரணை நடக்குமுன்பே அவர் சிறையில் இறந்துபோனார். ஆகவே, குற்றம் செய்தவர் அவர்தாமா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. கேமரா வழி காட்டும், தீர்ப்புச் சொல்லாது. இதை மனத்தில் வையுங்கள்.

இனி, எங்கள் தாமானில் நடந்ததைக் கேளுங்கள். ஒருவருடைய மோட்டார் சைக்கிள் இரவில் காணாமற்போயிற்று. எதிர்வீட்டுக் கேமராவில், 9 மணி 20 நிமிடத்துக்கு வாசலருகே ஓர் இளைஞன் நிற்பது தெரிந்தது. அதைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து, "இவன்தான் திருடன்" என்று எழுதி யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். விடியுமுன் ஊர் முழுதும் பரவிவிட்டது. அந்தப் பையன் என்னிடம் படித்தவன். அம்மா சுட்ட தோசையை அத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவன்.

போலீசார் வந்து அசல் பதிவைப் பார்த்தபோது, அந்தக் கேமராவின் கடிகாரம் இரண்டு மணி நேரம் முந்தி ஓடியது தெரியவந்தது. பையன் வந்தது 7 மணி 20க்கு. வண்டிக்காரர் வேலை முடிந்து வீடு திரும்பியதே எட்டு மணிக்கு! இல்லாத வண்டியை எவன் திருடுவான்? ஆனாலும் இரண்டு வாரம் அந்தப் பையன் வெளியே தலைகாட்டவில்லை. உண்மைத் திருடனைத் தேடி முனை வீட்டுக் கேமராவைப் பார்க்கப் போனால், அதில் பழைய பதிவு அழிந்துவிட்டிருந்தது. வண்டி இன்றுவரை கிடைக்கவில்லை.

பதிவு ஏன் அழிகிறது? பெட்டியில் இடம் நிறைந்ததும், பழையதன் மேலேயே புதியது பதியும். சில பெட்டிகளில் ஒரு வாரம் தங்கும். சிலவற்றில் ஒரு மாதம் தங்கும். ஆகவே சம்பவம் நடந்த அன்றே எடுத்து வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஆபத்து நடக்கும்போதே 999க்கு அழையுங்கள். பிறகு, கேமராவின் கடிகாரத்தையும் உங்கள் தொலைபேசியின் நேரத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையைப் படம்பிடிக்காமல், அசல் பதிவையே ஒரு பென்டிரைவில் எடுங்கள். முன்னும் பின்னும் சில நிமிடம் சேர்த்து எடுங்கள். வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். அதைப் போலீஸ் நிலையத்தில் கொடுத்து, புகார் எண்ணையும் அதிகாரியின் பெயரையும் எழுதி வாங்குங்கள். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின்படி, கணினிப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டலாம். பெட்டியிலுள்ள அசலும் அழியாமல் இருந்தால் நல்லது.

கேமராவை உங்கள் வாசலைப் பார்க்கத் திருப்புங்கள். பக்கத்து வீட்டுக் குளியலறைச் சன்னலை அன்று.

வாட்ஸ்அப் மட்டும் வேண்டாம். 2018ஆம் ஆண்டில் இந்தியாவெங்கும், பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஒரு படம் பரவியது. அது பாகிஸ்தானின் கராச்சியில் விழிப்புணர்வுக்காக எடுத்த நாடகப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும் காட்சியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த மே மாதத்தில், இதுபோன்ற வதந்திகளை நம்பிய ஒரு கூட்டம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றது.

தாய்மார்களே, இன்றிரவு ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கேமரா இல்லாத வீட்டார், பக்கத்து வீட்டில் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். ஒரு நாள் அந்தச் சரியான நேரம் ஒரு குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கலாம். குற்றமற்ற ஒரு பிள்ளையைக் காப்பாற்றவும் கூடும்.