ஆறாம் வகுப்பில் எடுக்கிற முடிவு

(நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அஸர் தொழுதுவிட்டுக் கடை திறக்க வேண்டியவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

நம்மிடம் வருகிற வட்டியில்லாக் கடன் மனுக்களில் முன்பெல்லாம் மருத்துவச் செலவுதான் அதிகம். இப்போது ஏப்ரல், மே வந்தால் பள்ளிக் கட்டணம்தான். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிவிட்டு, நகையை மீட்க நம்மிடம் வருகிறார்கள். "அரசுப் பள்ளி பக்கத்திலேயே இருக்கிறதே" என்றால், "அங்கே என்ன பாய் இருக்கு?" என்கிறார்கள்.

என்ன இருக்கிறது என்று சொல்கிறோம். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் பிளஸ் 2 தேர்வில் அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91 விழுக்காட்டுக்கு மேல். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகங்கள் வந்துவிட்டன. பல பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவும் உண்டு. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில், அடுத்து என்ன படிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு வழி சொல்கிறார்கள்.

ஆனால் நாம் கவனிக்காமல் விட்டது வேறு. 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டே 300 பேருக்கு மேல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே 7.5 விழுக்காடு வந்தது. இப்படிச் சேர்கிற பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

இங்கே எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பிள்ளை பத்தாவது வரை அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்தாள். பிளஸ் 1-க்கு அவள் அத்தா தனியார் பள்ளியில் சேர்த்தார். கட்டணத்துக்குக் கடன் கொடுத்தது நாம்தான். மனுவில் கையெழுத்துப் போட்டபோது எங்களில் ஒருவருக்கும் இந்த நிபந்தனை நினைவுக்கு வரவில்லை. நீட் முடிவு வந்த பிறகு உம்மாவும் மகளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். பொதுப் போட்டிக்குப் போதாத மதிப்பெண். ஒதுக்கீட்டில் முயன்று பார்க்கவும் வழியில்லை. அந்த உம்மா எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலாம் போலிருந்தது.

உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகள் நம்மில் நிறைய. அந்தப் பள்ளிகளுக்கு இந்த 7.5 விழுக்காடு கிடையாது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்', ஆண்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' ஆகியவை மட்டும் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. புதுமைப் பெண் திட்டம் முன்பு தாலிக்குத் தங்கம் கொடுத்த திருமண உதவித் திட்டம்தான். 2022-இல் அதைப் படிப்புக்கு மாற்றினார்கள். பிளஸ் 2 முடித்ததும் மாப்பிள்ளை பார்க்க அவசரப்படும் வீட்டார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சில இடங்களில் கழிப்பறையைப் பார்த்தால் பெண்பிள்ளையை அனுப்ப மனம் வராது. சில பாடங்களுக்கு ஆசிரியர் வரும்போது பாதி ஆண்டு போய்விடுகிறது. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம்மவர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போவதே இல்லை. வீட்டில் உட்கார்ந்து குறை சொன்னால் கழிப்பறைக்குத் தண்ணீர் வராது.

இனிமேல் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டு வந்தால், பிள்ளை ஆறாவதிலிருந்து எங்கே படித்தது என்று முதலில் கேட்போம். கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த ஆண்டு ஐந்தாவதும் பத்தாவதும் முடிக்கிற பிள்ளைகளின் பெற்றோர், பள்ளி மாற்றுவதற்கு முன் ஒருமுறை அலுவலகத்துக்கு வாருங்கள். மஃக்ரிபுக்குப் பிறகு யாராவது ஒருவர் இருப்போம்.