பரோடா மன்னர் சாயாஜிராவ்: ஆட்சியும் அதன் எல்லையும்



புலவரைப் புரந்த வேந்தர்களைத் தமிழ் மரபு நன்கறியும். பாடி வந்தோர்க்குப் பொன்னும் யானையும் ஈந்தவர் பலர். பாடத் தெரியாத குடிகள் அனைவர்க்கும் எழுத்தையே ஈந்த மன்னர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பரோடா அரசர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட்.

அவர் அரண்மனையில் பிறந்தவர் அல்லர். 1863 மார்ச் 11ஆம் நாள் நாசிக் பகுதியிலுள்ள கவ்லானா என்னும் சிற்றூரில், அரச குடும்பத்தின் எளிய கிளையொன்றில் பிறந்தார். இயற்பெயர் கோபால்ராவ். 1875இல் ஆங்கில அரசு மல்ஹார்ராவை அரியணையினின்று நீக்கவே, முன்னாள் அரசர் கண்டேராவின் துணைவியார் ஜம்னாபாய் இச்சிறுவனைத் தத்தெடுத்தார். அப்போது அகவை 12, எழுத்தறிவு இல்லை. எழுத்தின்றிக் கழிந்த இளமையை அவர் மறக்கவில்லை என்பதற்கு அவரது ஆட்சியே சான்று.

அவரை உருவாக்கியவர்களுள் ஒருவர் கும்பகோணத்தில் பிறந்த தி. மாதவராவ். திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக விளங்கியபின் பரோடாவுக்கு வந்தவர். ஆட்சிக்கலை குறித்து இளவரசருக்கு அவர் ஆற்றிய உரைகள் 'மைனர் ஹிண்ட்ஸ்' என்னும் நூலாயின. குடிகளின் நலமே கோலின் நோக்கம் என்பது அவ்வுரைகளின் சாரம். 1880இல் மன்னர் மணந்த சிம்னாபாய் தஞ்சை மராட்டியர் குடிப்பெண். அவரோடு தஞ்சைச் சதிரும் பரோடா அரண்மனையை அடைந்தது.

1881 டிசம்பரில் முழு அதிகாரம் பெற்ற மன்னர், கல்வியில் முதலில் கை வைத்தார். 1893இல் அம்ரேலி வட்டத்தில் இலவசக் கட்டாயக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கினார். அதில் பெற்ற பட்டறிவைக் கொண்டு 1906இல் நாடு முழுமைக்கும் விரித்தார். 1911இல் கோகலே, ஆங்கில இந்தியாவிற்கும் அத்தகைய சட்டம் வேண்டுமென மசோதா கொணர்ந்தபோது பரோடாவை எடுத்துக்காட்டினார். அம்மசோதா தோற்றது. ஒரு சுதேச அரசரால் இயன்றது, பேரரசுக்கு இயலாமற் போயிற்று!

கற்றவர் கற்றதை மறவாதிருக்க நூல் வேண்டுமன்றோ? 1910இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலக வல்லுநரை வரவழைத்தார். ஊரார் ஒரு பங்கு திரட்டினால் மாவட்டம் ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் தரும் என்ற ஏற்பாட்டால் சிற்றூர்தோறும் நூலகங்கள் எழுந்தன. நூலகம் இல்லாத ஊர்களுக்கு மரப்பெட்டிகளில் நூல்கள் பயணம் செய்தன. கெய்க்வாட் கீழ்த்திசை நூல்வரிசையில் வெளிவந்த பழஞ்சுவடிகளுள் அபிநவகுப்தர் உரையுடன் கூடிய நாட்டிய சாத்திரமும் ஒன்று.

1904இல் குழந்தை மணத்தைத் தடுக்கச் சட்டம் செய்தார். 1911 டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் முன் ஒருமுறை மட்டும் தலைதாழ்த்தி, முறைமைக்கு மாறாக முதுகு காட்டித் திரும்பினார். அது பெரும் புயலைக் கிளப்பவே, வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதவும் நேர்ந்தது. பெருமிதமும் பணிவும் ஒருங்கே சுமக்க வேண்டியதுதான் சுதேச மன்னரின் நிலை.

தீண்டாதார் எனப்பட்டோர்க்குத் தனிப்பள்ளிகள் திறந்ததும், 1913இல் அம்பேத்கர் கொலம்பியாப் பல்கலைக்கழகம் செல்ல உதவித்தொகை அளித்ததும் அவரது புகழின் சிகரங்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1917இல் பரோடா அரசுப்பணி ஏற்க வந்த அம்பேத்கருக்கு அந்நகரில் தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் மறைந்து வாழ்ந்தார். அடையாளம் தெரிந்ததும் தடியேந்தி வந்தோர் அவரை வெளியேற்றினர். அரசு இல்லம் கேட்டு விண்ணப்பித்தது அலுவலர்களிடையே அலைந்துகொண்டிருந்தது. நண்பர் இருவரும் புகலிடம் தர இயலாதவராயினர். இரயில் புறப்படும் வரை காமாட்டி பாக் என்னும் பூங்காவில் அமர்ந்திருந்தார். அதன் மறுபெயர் சாயாஜி பாக். மன்னர் பெயர் தாங்கிய அப்பூங்காவில், மன்னர் கல்வி தந்த ஒருவர் கண்ணீரோடு காத்திருந்தார். இன்று அவ்விடம் 'சங்கல்ப பூமி' எனப் போற்றப்படுகிறது.

இதனால் மன்னரின் பெருமை குறைந்துவிடுமா? குறையாது, அதன் அளவு தெளிவாகும். அவரது ஆணை பள்ளிக்கதவுகளைத் திறந்தது. வீட்டுக்கதவுகளைத் திறக்கும் ஆற்றல் அதற்கில்லை. தம் அலுவலகத்தின் தயக்கத்தைக்கூட அது வெல்லவில்லை. ஆயினும் அவர் தந்த கல்வி வீணாகவில்லை. பரோடாவில் இடம் மறுக்கப்பட்டவரே பின்னாளில் இந்திய அரசியல் சட்ட வரைவுக்குழுவின் தலைவராகித் தீண்டாமையை ஒழிக்கும் விதியைச் சட்டத்தில் பதித்தார்.

1939 பிப்ரவரி 6ஆம் நாள் சாயாஜிராவ் மறைந்தார். பத்தாண்டுகளில் பரோடா அரசும் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. பள்ளியும் நூலகமும் நின்றன. சட்டம் வாயில்வரை வந்து நிற்கும். அதற்கப்பால் மனத்துக்குள் புக வல்லது சொல் ஒன்றே. அச்சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்களுக்கு, பரோடாப் பூங்காவில் ஒருவர் காத்திருந்த அந்தச் சில மணி நேரம் என்றும் நினைவில் இருத்தற்குரியது.